நாற்பத்தேழாம் எண் மேசையும் எண்பதாம் எண் வாசலும்

பெர்க்லி,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

பேரன்புக்கும் பயத்துக்கும் உரிய வில்மா அக்காவுக்கு, தம்பி நெல்ஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கார்லீனும் நலம். என் இடுப்பும் நேற்று வரை நலமாகத்தான் இருந்தது. அங்கே நீயும் க்ளென் அத்தானும், அத்தானின் குறட்டையும் நலம்தானே? எலுமிச்சை மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஒரு பை அனுப்புகிறேன். இவ்வளவு சுற்றி வளைக்கிறானே, போனில் பேசினால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது அக்கா. உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நாற்பத்தேழாம் எண் இடம் கிடைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். இனி மூச்சு விடலாம். அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் பூங்காவில் நாம் கூடாரம் போடும் அதே இடம். அம்மா சுடச்சுட இரும்புச் சட்டியை வைத்து மேசையில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்ததே, அதே மேசை. பூங்காக்காரர்கள் மற்ற மேசைகளை எல்லாம் மாற்றிவிட்டு இதை மட்டும் மறந்துபோனார்கள். வருஷா வருஷம் நீ அந்தத் தழும்பின் மேல்தான் காபிக் கெண்டியை வைப்பாய். வேறு யாராவது வைத்தால் நகர்த்தி வைப்பாய். அக்டோபரில் முகாம் வண்டியை விற்றுவிட்டு, நாட்டின் வடகோடியில் டுலூத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப்போகிறாய். இந்த ஆகஸ்டுதான் கடைசி.

தப்பு முழுக்க என் வாயில்தான். தங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்னால், சரியாகக் காலை எட்டு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். எட்டு ஒன்றுக்கு எல்லாம் தீர்ந்துவிடும். இது கலிஃபோர்னியாவில் குழந்தைக்கும் தெரியும். ஊரே எட்டு மணிக்குக் கட்டைவிரலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கிறிஸ்துமஸ் விருந்தில் எழுந்து நின்று என்ன சொன்னேன்? "முப்பது வருஷம் இந்த ஊர்ல நெட்வொர்க் எழுதினவன் நான். பிரவுசர் படம் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள என் புரோகிராம் போய் இடத்தைப் பிடிச்சுட்டு வந்துடும்." அத்தான் அப்போதே கேட்டார்: "மாப்ள, எதுக்கும் ஒரு ஆள் சாதாரணமா போன்லயும் பாக்கட்டுமே?" நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் உட்கார்ந்து பழையபடி சி மொழியில் சாக்கெட் எழுதினேன். இரண்டு கணினிகளைப் பேச வைக்கும் அந்தச் சாக்கெட்டை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பத்து மூன்றில் சனிக்கிழமை சனிக்கிழமையாக, பல்கலைக்கழகத்து நான்காம் மாடியில், பக்கத்து அறைக் கணினித் திரையின் முன்னால் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு காவல் இருந்தவள் நீதானே! தட்டச்சு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காக உட்கார்ந்திருந்தாய். மூன்றாவது சனிக்கிழமை என் கணினியிலிருந்து உன் திரைக்கு நான் அனுப்பிய வரி, "வில்மா, என் சாண்ட்விச் எங்கே?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது: "வந்துடுச்சு, நெல்ஸ்! வந்துடுச்சு! சாண்ட்விச் உன் பையிலதான் இருக்கு, மடையா!" என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எத்தனையோ செய்திகள் வந்தன. அந்தச் சந்தோஷம் எதிலும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் இணைப்பே கிடைக்கவில்லை. பூங்காப் பதிவுத் தளத்தின் கதவைத் தட்டினால் 'முடியாது' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில். மூன்று மணி நேரம் வீட்டு இணைப்புக் கம்பியைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், பூனையைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கணினிக்கு எண் போட்ட வாசல்கள் உண்டல்லவா, வெப் காது வைத்திருப்பது எண்பதாம் எண் வாசலில். அந்த எண்ணின் இரண்டு பாதிகளையும், அதாவது பைட்டுகளையும், முன்பின் மாற்றி நெட்வொர்க்குக்கு ஏற்ற வரிசையில் கொடுக்க வேண்டும். நான் மாற்றவில்லை. அதனால் புரோகிராம் இருபதாயிரத்து நானூற்று எண்பதாம் எண் வாசலில் போய்த் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. 'முதலில் பைட் வரிசையைப் பார்' என்று எங்கள் ஆய்வகக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்தவன் யார்? நான்தான். அதைப் படிக்காதவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவனும் நான்தான்.

வரிசையை மாற்றியதும் இணைப்பு கிடைத்தது. கோரிக்கையை அனுப்பினேன். பதில் இல்லை. மறுப்பும் இல்லை. நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது, முக்கால் மணி நேரம். கார்லீன் துணி துவைக்கக் கீழே வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் சண்டையா?" என்றாள். "நான் கேட்டுட்டேன். அதுதான் பதில் சொல்லாம உக்காந்திருக்கு" என்றேன். அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நீ பேசி முடிச்சுட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? எனக்கே நாப்பது வருஷமா தெரியல!" பளிச்சென்று உறைத்தது. கோரிக்கையின் கடைசியில் வெற்றாக ஒரு வரி விட வேண்டும். அதுதான் 'நான் முடித்துவிட்டேன், இனி நீ சொல்' என்பதற்கு அடையாளம். அது இல்லாவிட்டால், இன்னும் ஏதோ சொல்ல வருகிறான் என்று அந்தப் பக்கம் மரியாதையாகக் காத்திருக்கும். காத்திருந்தது, பாவம்.

வெற்று வரி விட்டேன். உடனே பதில் வந்தது: 'உன் கோரிக்கை சரியில்லை.' ஏனென்று பார்த்தால், யாரைப் பார்க்க வந்தாய் என்று பெயர் சொல்லவில்லையாம். நம் காலத்தில் ஒரு முகவரிக்கு ஒரு கணினி. கணினிகளுக்குச் சூப்புகளின் பெயர்தான் வைப்போம். மினஸ்ட்ரோனி என்ற கணினிக்குப் போனால் மினஸ்ட்ரோனிதான் கதவைத் திறக்கும். இப்போது ஒரே முகவரியில் ஆயிரம் குடித்தனம். சரி, காலத்தோடு சண்டை போட முடியுமா? பூங்காத் தளத்தின் பெயரையும் எழுதினேன். திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு, அக்கா, சுத்தமாக, அழகாக, திரை நிறையப் பதில் வந்தது. "வந்துடுச்சு!" என்று நான் கத்திய கத்தலில் கார்லீன் மாடியில் தட்டைக் கீழே போட்டாள். அடுப்பிலிருந்த ஆப்பிள் பை பலகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வந்ததே தவிர, என்ன வந்தது என்று நான் படிக்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கே உரிய வியாதி இது. அந்தக் காலத்தில் ஏதாவது ஒன்று வந்து சேர்ந்தாலே திருவிழா. என்ன வந்தது என்பதை யார் பார்த்தார்கள்? இன்று காலை சரியாக எட்டு மணிக்குப் புரோகிராமை ஓட்டினேன். ஒரே நொடியில் முப்பது பதில். முப்பதும் நேற்று வந்த அதே பதில். அப்போதுதான் முதல் வரியைப் படித்தேன்: 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம். நானூற்று நாற்பத்து மூன்றாம் வாசலுக்கு வரவும், பூட்டோடு பேசவும்.' பூட்டோடு பேச, அதாவது வேறு யாருக்கும் புரியாத சங்கேதத்தில் பேச, என் புரோகிராமுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. படியேறி ஓடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கார்லீன் தன் போனில் பார்த்தபோது மணி எட்டு மூன்று. நாற்பத்தேழின் மேல் சாம்பல் நிறம். யாரோ எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பாவி எவனோ, அவன் கூடாரம் முதல் இரவே ஒழுகட்டும். அவன் பான்கேக்கை அங்கே திருடித் திரியும் நீலப்பறவை தூக்கிக்கொண்டு போகட்டும். அம்மாவின் தழும்பின் மேல் அவன் கால் தூக்கிப் போட்டு உட்காருவான் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை. என்னை மன்னிக்க வேண்டாம். நினைத்துக் கொஞ்சம் சிரித்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் சொன்னதுதான் சரி என்று அவரிடம் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகள் நீடூழி வாழட்டும். யாரும் இந்தச் சின்னத் தாத்தாவின் தொழிலுக்கு வர வேண்டாம்.

தலை குனிந்த தம்பி,
நெல்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நீயே போனில் கூப்பிட்டுவிட்டாய். "நீயா கூப்பிடுவேன்னு ரெண்டு மணி நேரமா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்டா! வந்துடுச்சு, நெல்ஸ்! நாப்பத்தேழு வந்துடுச்சு! எட்டு மணிக்குப் பூங்கா ஆபீசுக்கு போன் போட்டேன், ஒரு பொண்ணு எடுத்தா, கேட்டேன், குடுத்துட்டா." சமையலறையில் இருந்த கார்லீனுக்கே கேட்டது. அன்றைக்குச் சுவர் வழியாக வந்த அதே கூச்சல், அக்கா. கண்ணீரில் எதிரே இருந்த எலுமிச்சைப் பைகூடத் தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதில் கூடாரச் சாபத்தையும் பான்கேக் சாபத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அத்தான் பங்குப் பான்கேக்குக்கு மட்டும் அது செல்லும். தபால்தலை ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். கெண்டியை மறக்காமல் கொண்டு வா. கீழே ஒரு வரி வெற்றாக விட்டிருக்கிறேன். நான் பேசி முடித்துவிட்டேன். இனி நீ சொல்.