நாற்பது பேருக்கு வந்த முதுகுப் பிடிப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் படித்தது ஏழாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கப்பல் பட்டறைக் கிடங்கில் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டுகள். ஒரு சீட்டில் நான்கு சொல்லுக்கு மேல் இடம் கிடையாது. அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் என் மகள் ஸ்டெல்லா இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் கூடுதலாக ஒருவர் கீழே விழுகிறார். (போன கிறிஸ்துமஸ் விருந்தில் ஆம்புலன்சே வந்துவிட்டது.) யாரும் விழவில்லை, ஆம்புலன்சும் வரவில்லை. நடந்தது அதைவிட மோசம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் காப்பி தனக்கு ஒத்துக்கொள்ளும் என்பது ஒன்று. எந்தப் பக்கம் குனியக் கூடாது என்பது இன்னொன்று. எனக்கு முதலாவது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிங்கப்பூரில் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய்க் காப்பிக்கொட்டை அரைத்து வாங்கி வருவேன். "சிக்கரி கொஞ்சம் போடுங்க. கொஞ்சம்னா கொஞ்சம்தான்." வெளி ஆள் ஒருவரிடம் நான் உறுதியான குரலில் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான். கூச்ச சுபாவம். பஸ்ஸில் மணியை அழுத்த வெட்கப்பட்டு, வேறு யாராவது அழுத்தும் நிறுத்தம் வரைக்கும் போய் நடந்து திரும்பியிருக்கிறேன். சூடு ஆறாத பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, எங்கள் வீடிருக்கும் பிடோக் வரும்வரை பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்கவில்லை, வாசனையைப் பார்க்கிறார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசியில் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடி அறையை விட்டுவிட்டு பிடோக்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் எட்டாவது மாடிக்குக் குடிவந்தோம். புதுவீடு, சொந்தக் குளியலறை, மின்தூக்கி. எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி செசிலிக்கு அப்படி இல்லை. தேக்காவில் இருந்தபோது ஜன்னலில் நின்றபடியே தெருவில் கீரை விற்பவரோடு சண்டை போடுவாள். இங்கே சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் புளோக்கின் சமையலறை ஜன்னல்கள். யாரோடு சண்டை போடுவது?

வந்த அடுத்த வருடம், மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். தைரியம் சேரவில்லை. மின்தூக்கி வரைக்கும் வருவாள், கதவு திறந்ததும் "அடுப்பை அணைச்சேனா தெரியல" என்று திரும்பிவிடுவாள். எட்டு மாதம் இப்படி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். தினமும் கை கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யாவிட்டால் முட்டி இறுகிவிடும், அதையும் நாலு பேரோடு சேர்ந்து செய்தால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

எங்கள் புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளத்தில், காலை ஆறரைக்கு ஒரு கூட்டம் உடற்பயிற்சி செய்யும். நடத்தியவர் மிஸ்டர் கோ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவரிடம் ஒரு கேசட் ரேடியோ இருந்தது. வந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஹொக்கியன் பேசுகிற சீனர்கள், தியோச்சூ பேசுகிற சீனர்கள், மலாய்க்காரப் பெண்கள், ஒரு சர்தார்ஜி. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆகவே கோ எதையும் வாயால் சொல்ல மாட்டார். அவர் முன்னால் நின்று கையைத் தூக்குவார், முதல் வரிசை தூக்கும், முதல் வரிசையைப் பார்த்து இரண்டாவது வரிசை தூக்கும். முன்னால் நிற்பவர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

"நீங்க வந்தா வர்றேன்" என்றாள் செசிலி. "நீங்க நிக்கிற வரைக்கும்தான் நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் செய்வதை யாராலும் பார்க்க முடியாது. சிங்கப்பூரிலேயே அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

முதல்நாள் எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு பிளாஸ்க்கில் காப்பி எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் கோ மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்தார். "அன்டனி, திஸ் ஒன் பவர் லா!" என்று என் முதுகில் தட்டினார். ஒரு மாதத்தில் பிளாஸ்க் மூன்றாகியது. நான் ஊற்றிக் கொடுப்பேன், அவர்கள் குடித்துவிட்டுச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கு மேல் நான் பேச வேண்டிய அவசியம் இல்லை.

செசிலியோ மாதத்துக்கு ஒரு வரிசையாக முன்னேறினாள். நாலு மாதத்தில் இரண்டாவது வரிசையில், மக்சிக் ரொகாயா என்ற மலாய்க்கார அம்மாளின் பக்கத்தில் அவளுக்கு நிரந்தர இடம். இருவரும் அரைகுறை மலாயில் மருமகள்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். (எங்களுக்கு மருமகளே கிடையாது. எதைப் பேசினாளோ!) ஆனாலும் எனக்குக் காலை ஷிஃப்ட் உள்ள நாட்களில் அவள் இறங்க மாட்டாள். நான் தூணடியில் நிற்க வேண்டும்.

இப்படிப் பதினோரு மாதம் போனது. பிறகு வீட்டு வசதி அலுவலகத்திலிருந்து கோவுக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது மாடியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிற ஒருவர் கேசட் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார். பாவம், அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன். (கொடுத்திருக்க மாட்டேன். கூச்சம்.) சனிக்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து, தொடரலாமா நிறுத்துவதா என்று முடிவு சொல்வார்.

"நிறுத்தினா நிறுத்தட்டும், எனக்கென்ன?" என்றாள் செசிலி. சொல்லிவிட்டுச் சமையலறை ஜன்னலிடம் போய் நின்றுகொண்டாள். பதினோரு மாதமாக அவள் அந்த ஜன்னலில் நின்று நான் பார்க்கவில்லை. கூட்டம் நின்றுபோனால் அவளும் அங்கேயே நின்றுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

என்னால் அதிகாரியிடம் பேச முடியாது. எனக்குத் தெரிந்தது காப்பி மட்டும்தான். அன்று காப்பி பிரமாதமாக இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று எப்படியோ நம்பிவிட்டேன். விடியுமுன்னே எழுந்து டிகாக்‌ஷன் இறக்கினேன். முதல் பிளாஸ்க்கை ருசி பார்த்தேன், ஒரு டம்ளர். இரண்டாவதையும் பார்க்க வேண்டுமல்லவா? மூன்றாவதில் சந்தேகம் வந்து இரண்டு டம்ளர். கீழே இறங்கும்போது என் விரல்கள் தாமாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, இருபத்தைந்து வயதிருக்கும், தமிழ்ப் பையன். கார் நிறுத்துமிடத்துப் பக்கமிருந்து வந்து, எங்களுக்குப் பின்னால், அதாவது எனக்குச் சரியாகப் பின்னால் நின்றார்.

கோ பார்த்தார். பதறிப்போனார். வந்திருக்கும் பெரிய மனிதருக்கு நாற்பது பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் மரியாதையா? "பூசிங்! பூசிங்!" என்று மலாயில் கத்தி, கையைச் சுழற்றிக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

நானும் திரும்பினேன். எனக்கு முன்னால் அதிகாரி மட்டும் இருந்தார். எனக்குப் பின்னால் நாற்பது பேர். கோ எங்கேயோ கடைசியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோரு மாதத்தில் அந்தப் பயிற்சிகளில் ஒன்றைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துச் செய்தேன், அவ்வளவுதான். இப்போது பார்க்க ஒரு முதுகு இல்லை. மூளை வெள்ளைத் தாளாகிவிட்டது. வேர்த்தது. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தேன்.

பின்னால் நாற்பது கைகள் நெற்றியைத் துடைக்கும் சரசரப்புக் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 'என்னைப் பார்க்காதீர்கள், கோவைப் பாருங்கள்' என்று சொல்ல வாய் வராமல், கையை நீட்டிப் பின்பக்கம் காட்டினேன். நாற்பது பேரும் இடுப்பைத் திருகிக் கையை நீட்டிப் பின்பக்கம் காட்டினார்கள். நீட்டிய என் விரல்கள் காப்பி நடுக்கத்தில் படபடவென்று ஆடின. நாற்பது பேரின் விரல்களும் படபடவென்று ஆடின. சர்தார்ஜி மிகவும் அழகாக ஆட்டினார்.

அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

ஏதாவது உண்மையான பயிற்சி செய்து மானத்தைக் காப்பாற்ற வேண்டும். குனிந்து கால்விரலைத் தொடலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? குனிந்தேன். இடது இடுப்பில் யாரோ கொக்கியை மாட்டி இழுத்ததுபோல் இருந்தது.

"ஐயோ அம்மா!"

"ஐயோ மா!" என்றார்கள் நாற்பது பேர், ஒரே குரலில்.

நிமிர முடியவில்லை. இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையை முன்னால் துழாவியபடி, பாதி குனிந்த நிலையில் நண்டு மாதிரி பக்கவாட்டில் தூணை நோக்கி நகர்ந்தேன். பிடோக்கில் அந்தக் காலைப் பொழுதில் வயதானவர்கள் நாற்பது பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காற்றைத் துழாவிக்கொண்டு, நண்டு மாதிரி நகர்ந்தார்கள். தூணைக் கட்டிக்கொண்டேன். தூண் ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைக் கட்டிக்கொண்டார்கள்.

"அங்கிள், நீங்கதான் லீடரா?" என்று அதிகாரி குனிந்து என் முகத்தைத் தேடினார்.

நான் தூணைப் பார்த்தேன்.

அதற்குள் கோ ஓடி வந்துவிட்டார். "திஸ் ஒன் இண்டியன் ஸ்டைல், சார்! வெரி குட் ஃபார் கிட்னி!"

பொய் சொல்லிக் காப்பாற்றப் பார்த்தார், நல்ல மனிதர். ஆனால் அதிகாரியும் இண்டியன்தானே. "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று தமிழில் என்னிடமே சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் முதுகைவிட அந்த நினைப்புதான் வலித்தது.

அப்போது செசிலி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, யார் கையையும் பிடிக்காமல் வந்தாள்.

"தம்பி, அவருக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. அதான் விஷயம்" என்றாள். பிறகு கோவைக் காட்டி, "இந்த அங்கிள் பொய் சொல்றாரு. நம்பாதீங்க."

"அப்ப இவங்கல்லாம் ஏன் ஆன்ட்டி…?"

"இவங்க யாருக்கும் ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாது தம்பி. முன்னாடி நிக்கிறவரைப் பாத்துத்தான் செய்வாங்க. அவரு வலியில கத்தினா அதையும் செய்வாங்க. நான் கால் ஒடஞ்சு எட்டு மாசம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இங்க வந்துதான் நடக்கக் கத்துக்கிட்டேன். சத்தம் வேணாம்னா ரேடியோவ நிறுத்திடுறோம். எங்கள நிறுத்தாதீங்க."

அவள் அத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் தேக்காவுக்குப் பிறகு கேட்டதில்லை. அதிகாரி முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமானது.

"ரேடியோ வேணாம் ஆன்ட்டி. மத்தபடி செய்ங்க" என்றார் கடைசியில். "ரிப்போர்ட்டுல என்ன எழுதுறதுன்னுதான் தெரியல."

"காப்பி குடிச்சிட்டு எழுதுங்க" என்று செசிலியே ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னைத் தூணிலிருந்து பிரிக்க அதன் பிறகுதான் ஆள் வந்தது.

ரேடியோ இல்லாமலே கூட்டம் நடந்தது. 'ஐயோ மா' மட்டும் போகவில்லை. கோவுக்கு அது பிடித்துப்போய்க் கடைசிப் பயிற்சியாகவே வைத்துக்கொண்டார். இடுப்பில் கை, பாதி குனிந்து, நாலு அடி பக்கவாட்டில், பிறகு மெதுவான குரலில் 'ஐயோ மா'. புதிதாக வந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒருவர் என்னிடமே விளக்கினார். வீட்டிலும் அப்படித்தான். யாராவது கீழே கிடக்கும் பேனாவை எடுக்கக் குனிந்தால், மீதிப்பேர் உடனே இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் மாப்பிள்ளைக்கு ஸ்டெல்லா முதலில் கற்றுக்கொடுத்ததே இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதிகாரி வந்துபோனதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. செசிலி ஆறரைக்குத் தனியாகக் கீழே போனாள். ஏழரைக்கு வந்து குளித்துவிட்டு, தனியாக பஸ் ஏறிக் கோவிலுக்குப் போய்வந்தாள். மத்தியானம் ரசம் வைத்தாள். உப்புக் கொஞ்சம் கூடுதல்.