ஆஸ்பத்திரி வாசலில் ஜோடிச் சட்டி

அன்புள்ள தம்பி மலைச்சாமிக்கு,

மடவார் வளாகத்திலிருந்து உன் அக்கா இருளம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். ராஜபாளையத்தில் நீ நலமா? உன் பெண்டாட்டி வெள்ளத்தாய் நலமா என்று கேட்கமாட்டேன், அவள்தான் தினமும் மத்தியானம் என் எதிரே வந்து நிற்கிறாளே. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு அவளும் கேட்பாள் என்றுதான், மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பக்கத்து வீட்டுக் காதரிடம் கொடுத்தனுப்புகிறேன். பட்டாளத்தில் இருந்தவன் நீ, பயப்படாமல் படி.

என் மகள் கனகலட்சுமி கல்யாணப் பந்தியில், உன் பெண்டாட்டி கிழக்கு வரிசையில், அரக்குச் சேலை கட்டி உட்கார்ந்து, என் குழம்பில் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பைக் காணுமே, மதினி மறந்துட்டாகளோ?" என்று இலையை ஒதுக்கினாளே, நீ மறந்திருப்பாய். அந்த இலையில் எத்தனை வாழைக்காய் வறுவல் மிச்சம் கிடந்தது என்றுகூட நான் சொல்வேன். இனி உன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம் போட்டவள்தான் நான். உன் பேரனுக்குக் காது குத்திய அன்றும் என் சோற்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து உன் வாசல் வேப்பமரத்தடியில் தின்றேன். நீ பார்த்தும் பார்க்காத மாதிரி போனாய். அதுவும் ஞாபகம் இருக்கு.

போன ஆடியில் காதர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அவன் சம்சாரம் ஹாஜராவுக்குச் சோறு கொண்டு போனேன். கட்டிலில் படுத்தவனுக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறவளை யார் கேட்கிறது? மம்சாபுரத்திலிருந்து மகள் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி, என் தூக்குவாளியைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். பசித்தவள்தான் அப்படித் திருப்புவாள். மறுநாள் அம்மா கொடுத்த பெரிய சட்டியில் ஆக்கினேன். காதர் எழுந்து நடமாடியதும் தன் லோடு ஆட்டோவில் சட்டியை ஏற்றினான், தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள், சுந்தரபாண்டியத்துப் பாண்டித்துரை தோட்டத்துக் கத்தரிக்காய் கொடுத்தான், இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல எம்புட்டுப் பேர் உக்காந்து சாப்பிடுதாக தெரியுமா? அது உன் பெண்டாட்டிக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஏறி அவளும் ஒரு சட்டியோடு வந்துவிட்டாள். "மதினி ஒத்தையில கஷ்டப்படுதாகளேன்னு வந்தேன்"ங்கா. நானா கஷ்டப்பட்டேன்?

நேற்று நடந்ததைக் கேள். பாண்டித்துரை கத்தரிக்காயை ரெண்டு பேருக்கும் பங்கு வைத்துவிட்டான். அதனால் ரெண்டு சட்டியிலும் அதே தட்டப்பயறு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. சட்டியும் ஜோடிச் சட்டி, நம்ம அப்பா பெயர் வெட்டி, மகளுக்கு ஒன்று மகனுக்கு ஒன்று என்று அம்மா கொடுத்தது. காதர் அவள் சட்டியையும் பஸ்ஸிலிருந்து இறக்கி உதவப்போய், இடம் மாற்றி வைத்துவிட்டான். உன் சட்டி மூடியில், நீ சின்ன வயசில் அதை ஆட்டின் மேல் எறிந்து விழுந்த ஒடுக்கு இருக்கும். ஊரில் அம்புட்டையும் ஞாபகம் வைத்திருக்கிற நான் அந்த ஒடுக்கை மட்டும் பார்க்கவில்லை. பரிமாறினேன். "ஆச்சி, இன்னைக்கு மாதிரி என்னைக்கும் ருசிச்சதில்ல"ன்னாள் ஒருத்தி. சரி என்று நானும் ஒரு இலை போட்டு உட்கார்ந்து, மறு சோறு வாங்கி, விரலைச் சூப்பி, சத்தமாகவே சொன்னேன்: "இதுல்லா குழம்பு! ராஜபாளையத்துக்காரி வந்து கத்துக்கிடட்டும்!"

எதிர்ப்பக்கத்திலிருந்து உன் பெண்டாட்டி, கரண்டியை நக்கிவிட்டு, "மதினி, இந்தச் சட்டியில உப்பைக் காணும். இது ஒங்களுது போல" என்றாள்.

வாட்ச்மேன் முதற்கொண்டு சிரித்தார்கள். ஹாஜரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. "கை நனைச்சாச்சு, இனி வீட்டுக்கு வரணும்" என்று மெதுவாகச் சொன்னாள். ஏலே, நன்றாகக் கேட்டுக்கோ. நான் நனைத்தது ஆஸ்பத்திரி வாசலில், கழுவியது ஆஸ்பத்திரிக் குழாயில். உன் வீட்டில் இல்லை. ஆகவே என் சபதம் சபதம்தான். இனி அந்த வாசலில் ஒரு சட்டிதான் நிற்கும். அவள் வந்தால் நான் வரமாட்டேன். இருக்கிற சனம் பட்டினி கிடந்தால் பாவம் உன் பெண்டாட்டிக்கு. அவளை நிறுத்து.

பேரன் பேத்திகளுக்கு என் ஆசி. நீ வேளைக்கு மாத்திரை சாப்பிடு. வெள்ளத்தாயை நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
கோபம் மாறாத அக்கா
இருளம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஹாஜரா வந்தாள். ஊரெல்லாம் காய்ச்சலாம், வார்டு நிறைய ஆளாம், நாளைக்கு ரெண்டு சட்டியும் பத்தாது என்கிறாள். அம்மாவுடைய பெரிய அண்டா உன் வீட்டில்தானே கிடக்கு? அதைக் கழுவி அடுப்பில் ஏற்றி வைக்கச் சொல். விடியக்காலம் காதர் வண்டியில் வாரேன், உன் வீட்டிலேயே ஆக்குவோம். புளி அவள் கரைக்கட்டும், உப்பு நான்தான் போடுவேன். கிளம்புமுன் எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும், நானுந்தான். அவள் இலையில் நானே பரிமாறுவேன். ஒதுக்குகிறாளா என்று பார்ப்போம்.