தெருமுனைக்கு வராத ரயில் வாசல்

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் நலம். அண்ணியின் தோள்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதைகள் முடிந்தன.

"உங்க அண்ணனுக்கு எங்க மேல அப்படி என்ன கோபம்?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் கேட்கிறார். நகரத்துக்கே சுரங்க ரயில் கட்டிக் கொடுத்தவர் நீங்கள். ஆற்றுக்கு அடியிலேயே துளை போட்டவர். முதல் வரைபடத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த நிலைய வாசலை மட்டும் பெருஞ்சாலைக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டீர்கள். போனில் கேட்டால், "அது ஆபீஸ் விஷயம், விட்டுடு" என்று வைத்துவிடுகிறீர்கள்.

காரணத்தை நானே ஊகித்துக்கொண்டேன்: உங்கள் நேர்மை. அது எங்களுக்குப் புதிதா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாக்கடை கட்டினீர்கள், ஊரெல்லாம் மூடி போட்டுவிட்டு நம் வீட்டு வாசலைக் கடைசிக்குத் தள்ளினீர்கள், அதில் விழுந்து எழுந்த அப்பா சேறு வழிய, "என் பையன் கட்டினது" என்று பெருமைப்பட்டார். அடுத்து மேம்பாலம், அதற்கான முதல் கோடு சித்தப்பாவின் கடைக்கு நடுவே போனது, மிச்சமிருந்த பாதிக் கடையில் நின்று அவர் வியாபாரம் செய்த நேரத்தைவிட உங்களைத் திட்டிய நேரம் அதிகம். முதல் சுரங்கம் தோண்டும்போது என் கல்யாணம், மாப்பிள்ளையின் கார் நீங்கள் அடைத்த சாலையில் மாட்டிக்கொண்டது, கொஞ்சம் வழிவிடச் சொன்னதற்கு, "ஊருக்கு என்ன சட்டமோ அதுதான் அவருக்கும்" என்றீர்கள், மனிதர் மண்மேட்டில் ஏறி இறங்கித்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

இப்போது அவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறார். லாரிகள் ஓயாத அந்தச் சாலையைத் தாண்டித்தான் இனி ரயிலேறி வேலைக்குப் போக வேண்டுமாம். "விடு, லஞ்சம் வாங்காத மச்சான் யாருக்குக் கிடைப்பாங்க?" என்கிறார். "வாங்கியிருந்தா நீங்க ரோட்டைத் தாண்ட வேண்டியிருக்காது" என்றேன்.

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறீர்கள். அதற்குள் வாசலைப் பழைய இடத்துக்கே மாற்றுங்கள். மாற்ற மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே இதன் நகலை, தெருவாசிகளின் கையெழுத்தோடு, உங்கள் மேலதிகாரியிடம் நானே நேரில் கொடுக்கப் போகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் நேர்மைக்குத் தூரத்திலிருந்து ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கை

பி.கு.: நகலை நேற்றே கொடுத்துவிட்டேன். எந்த மனுவுக்கும் அசையாத உங்கள் அலுவலகம் இதற்கு மட்டும் ஒரே இரவில் விழித்துக்கொண்டது. இன்று காலை சர்வேயர் வந்தார். "சந்தோஷமான செய்தி மேடம், வாசல் உங்க தெருவுக்கே வருது" என்றார். தையல்காரர் கைதட்டினார். எந்த இடத்தில் என்று கேட்டேன்.

"இங்கதான். தெருமுனையில வேற இடம் ஏது? இந்த வீட்டை இடிக்கக் கூடாதுன்னுதானே உங்க அண்ணன் மேலிடம் வரைக்கும் மல்லுக்கட்டி அந்தப் பக்கம் மாத்தினாரு? உங்களுக்கே வீடு வேண்டாம்னா அவர் என்ன செய்வாரு, பாவம்!"

சொல்லிக்கொண்டே எங்கள் முன்சுவரில் சிவப்புப் பெயின்டால் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். உங்களுக்குப் போன் செய்யலாம் என்று திரும்புவதற்குள் தெருவே எனக்கு நன்றி சொல்ல வந்துவிட்டது. பெயின்ட் காயவில்லை, சுவரில் சாயாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.