பதினெட்டாம் நம்பர் செய்த வேலை

பாரோய்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய, கோபம் தணிந்தால் சம்பந்தியாகப் போகிற முருகையா அவர்களுக்கு, திருச்செல்வம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். புக்கிட் பெலண்டோக்கில் நீங்களும் வீட்டம்மாவும் நலம் என்று நம்புகிறேன். இரண்டு நாளாக நீங்கள் போனை எடுக்காததால் நம்பத்தான் முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை, பெர்த்தில் இருக்கும் உங்கள் மகன் முகுந்தன் கணினித் திரையில் வந்து என் மகள் ரோகினியிடம், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்ட அதே நொடியில் எங்கள் பக்கம் தொடர்பு அறுந்துவிட்டது. பெண் பிடிக்காமல் எழுந்து போய்விட்டாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சத்தியமாக இல்லை. குற்றம் என்னுடையது.

சனிக்கிழமையே எங்கள் கணினியில் இன்டர்நெட் இல்லை. கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டேன். தௌஃபீக் என்பவர் பேசினார். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் வேண்டுமாம், அதைக் கூடத்து மூலையில் இருக்கும் பெட்டிதான் கொடுக்குமாம். "ஒங்க கம்ப்யூட்டருக்கு நம்பர் கெடைக்கல அங்கிள். பெட்டி சுவிட்ச அடச்சிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சித் தொறங்க, தானா வரும் லா" என்றார். தானாக வருவதாவது? முப்பத்தொரு வருடம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக, விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்கு என்று ஆள் பிரித்தவன் நான். எனக்கு ஒரு பெட்டி நம்பர் போடுவதா? ஆட்களை மேய்த்த மண்டோராக இருந்த உங்களுக்கு என் மனது புரியும். எனக்கு ராசியான பதினெட்டாம் நம்பர் காட்டை நினைத்து, கடைசியில் பதினெட்டு வருகிற மாதிரி கணினிக்கு ஒரு நம்பரை நானே தட்டிவிட்டேன். உடனே வேலை செய்தது! உடனே சமையலறையிலிருந்து, "ஏங்க, என் நாடகம் நின்னு போச்சு!" என்று என் மனைவி புஷ்பவள்ளி கத்தினாள். பெட்டி அந்தப் பதினெட்டை அவள் கைப்பேசிக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. நான் நுழைந்தால் அவள் வெளியே, அவள் நுழைந்தால் நான் வெளியே. மறுபடி தௌஃபீக். "ஒரே நம்பர்ல ரெண்டு பேரு நின்னா சண்டதான் அங்கிள். ஆட்டோமெட்டிக்ல விட்டுட்டுக் கை வைக்காம இருங்க லா."

சரி என்று விட்டேன். ஆனால் ஞாயிறு காலை, நல்ல காரியமாயிற்றே என்று யாருக்கும் தெரியாமல் பதினெட்டை மறுபடி போட்டேன். கேசரிக்குச் சர்க்கரை அளவு பார்க்க புஷ்பவள்ளி கைப்பேசியைத் திறந்திருக்க வேண்டும். உங்கள் மகன் கேட்ட கேள்வி அந்தரத்தில் நின்றுவிட்டது. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீம்பால் என் பெண்ணின் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது ஐயா. இப்போது எல்லாம் ஆட்டோமெட்டிக். தயவுசெய்து இன்னொரு முறை இருவரையும் பேச விடுங்கள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். முகுந்தன் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
திருச்செல்வம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரோகினி இதைப் படித்துவிட்டாள். சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. பதினெட்டும் காரணமில்லை, கேசரியும் காரணமில்லையாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பிடிச்சிருக்குன்னு சொல்லும்மா" என்று முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்ததால், அவளே மேசைக்கு அடியில் காலால் கணினி வயரைப் பிடுங்கிவிட்டாளாம். பிறகு பின்வாசலில் நின்று தன் கைப்பேசியிலேயே முகுந்தனுக்குச் சரி என்று சொல்லிவிட்டாளாம். கல்யாணம் தை மாதமாம். உங்கள் போன் மீன் குழம்பில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மண்டபம் பாரோயிலா, உங்கள் பக்கத்துப் போர்டிக்சனிலா என்பதை மட்டும் நாம் இருவரும் முடிவு செய்துகொள்ளலாமாம்.