முப்பத்து நாலு மார்க் வாங்கிய கடிதம்

தமிழ் டீச்சருக்கு வாழ்க்கைப்பட்ட ஆண்கள் பாவம். மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுத்தால்கூட சிவப்பு மையோடுதான் திரும்பி வரும். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில், என்ஜின் ரூமில் வேலை. நடுக்கடலில் போன் எடுக்காது, ஈமெயில்தான். அதைப் பிரிண்ட் எடுத்து, திருத்தி, மார்க் போட்டு ஃபைலில் வைக்கிற கொடுமையை நான் பல வருஷம் செய்திருக்கிறேன். (அவர் வாங்கிய அதிகபட்சம் நாற்பத்தொன்று. அது என் பிறந்தநாளுக்கு எழுதியது.)

எங்கள் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவர் போய் எட்டு மாதம் முடிந்திருந்த நேரம், ஒரு மெயில் வந்தது. முழுசாகவே தருகிறேன், பெரிய காவியம் ஒன்றுமில்லை:

‘சாப்பிட்டேன். இங்கே வெயில். பால்கனிக் குழாய் இன்னும் ஒழுகுகிறதா? கேஸ் வந்ததா? துணி காயப்போடும் கம்பியை உயரமாகக் கட்டிவிட்டேன், உனக்கு எட்டுகிறதா? இன்னும் நாலு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். நல்ல சம்பளம். நீ சொல்கிறபடி செய்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். குழாயை நானே வந்து பார்க்கிறேன், யாரையும் கூப்பிட வேண்டாம்.’

எனக்கு வந்ததே கோபம்! எட்டு மாதம் கழித்து ஒரு மனுஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிற லெட்டரா இது? வரணும் என்று ஆசையிருந்தால் வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? நான் வாய் விட்டுக் கெஞ்ச வேண்டுமாக்கும்! ராத்திரி மகள் தூங்கினபிறகு அவர் தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நானே எடுத்துக் கட்டிக்கொண்டு படுக்கிறவள்தான் நான். ஆனால் அதை மெயிலில் எழுதுவேனா? முப்பத்து நாலு போட்டேன். ஒரு மார்க்கில் ஃபெயில். பதில் போடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் எங்கள் அடையாறு ஸ்கூலில் என்னுடைய மாதிரி வகுப்பு. வேறு பள்ளிகளிலிருந்து எட்டு டீச்சர்கள் வந்து பின்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் எச்.எம். மேடம். பாடம்: ஒரு பத்தியை வரி வரியாகப் படித்து, எழுதியவர் என்ன உத்தி செய்திருக்கிறார் என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்டுபிடிப்பது.

தாளில் இரண்டு பத்திகள் கொடுத்தேன். முதலாவது, உத்தியோடு எழுதியது: நிலா, அலை, விம்மும் நெஞ்சு என்று ஒன்றுவிடாமல் போட்டிருந்தது. (எழுதியவர் நான்தான். சொல்லவில்லை.) இரண்டாவது, உத்தியே இல்லாத வறட்டு எழுத்துக்கு உதாரணம். பேர், மார்க், சிவப்பு மை எல்லாவற்றையும் மடித்து மறைத்து ஜெராக்ஸ் எடுத்த அதே கடிதம்.

“ரெண்டையும் எழுதினது யாருன்னு தெரியாது. ஒரே ஒரு விதிதான். தாள்ல இல்லாததைச் சொல்லக் கூடாது. எது சொன்னாலும் வரியைக் காட்டணும்” என்றேன், குரலைக் கொஞ்சம் உயர்த்தி, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

முதல் பெஞ்ச் தினேஷ் எழுந்தான். “மிஸ், மொத பத்தி யாரோ மார்க்குக்காக எழுதுனா மாதிரி கீது. ரெண்டாவதுதான் சூப்பரா கீது.”

“அதுல என்னடா இருக்கு?”

“இன்னா மிஸ் இப்டி கேக்கறீங்க? சம்பளத்துக்கு ரெண்டே வார்த்தை. குழாய்க்கு ரெண்டு எடம். அவருக்கு சம்பளமா முக்கியம்?”

பக்கத்தில் அபிராமி கை தூக்கினாள். “கடைசி வரி பாருங்க மிஸ். நாலு மாசம் கழிச்சு வர்றவர், ஒழுகற குழாய்க்கு யாரையும் கூப்பிட வேண்டாம்னு சொல்லுவாரா? அவர் இப்பவே வரணும்னு நெனைக்கிறார். அவங்க ‘வா’ன்னு சொல்லணும்னு காத்துட்டிருக்கார்.”

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன்! ‘வாக்கிய அமைப்பு சுமார்’ என்று ஓரத்தில் எழுதியதோடு சரி.

“எல்லாம் கேள்வியாவே கீது மிஸ். அந்தம்மா பதிலே போடறதில்ல போல” என்றான் தினேஷ். “கம்பி எட்டுதான்னு வேற கேக்கறாரு. அப்ப அந்தம்மா குள்ளம்.”

வகுப்பு சிரித்தது. நான் அப்போது கரும்பலகையின் மேல் வரியில் எழுத நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு ஒரு மாதிரி பாதியில் நின்றது.

“குள்ளமா இருந்தா பரவால்ல மிஸ்,” என்றாள் அபிராமி, “ஆனா கல்நெஞ்சு.”

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “கல்நெஞ்சா? தனியா ஒரு பொண்ணை வெச்சுக்கிட்டு, ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டு, எட்டு மாசமா அந்தம்மா படற பாடு உனக்குத் தெரியுமா?”

அபிராமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பொண்ணு இருக்கறதா தாள்ல இல்லையே மிஸ். எட்டு மாசமும் இல்ல. இல்லாததைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே...” என்று இழுத்தவள், சட்டென்று என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பின்வரிசையில் எட்டுப் பேனாக்களும் நின்றன. நான் எட்டு டீச்சர்கள், நாற்பது பிள்ளைகள் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். ‘சாப்பிட்டேன்’ என்று அவர் எழுதியதற்கு ‘நானும்’ என்றுகூட நான் எழுதவில்லையே என்று நினைக்க நினைக்க அழுகை கூடிற்று. அந்த மனுஷனை என் மனசு அப்படித் தேடியது.

எச்.எம். மேடம் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். “இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழமை? மீதி வகுப்பை நான் பாத்துக்கறேன். நீங்க போய் பதில் போடுங்க.”

ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். ‘வாங்க’ என்று அடித்தேன். கோபமாகத் தெரியுமோ என்று, ‘கோபத்தில் சொல்லவில்லை’ என்று சேர்த்தேன். அதுவே கோபமாகத் தெரிந்தது. ‘கம்பி எட்டவில்லை, வாங்க’ என்று மாற்றி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. ‘காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ எதுவும் சொல்லாததால் சரி என்று நினைத்தேன்.’

அந்த நாலு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பால்கனியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, எங்கள் கோட்டூர்புரம் முழுக்க எத்தனை பிளம்பர் இருந்தும் ஒருத்தரையும் கூப்பிடாமல் இருந்தேன். அவர் வந்த அன்று, பெட்டியைக்கூடத் திறக்காமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். நான் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். நகரவில்லை.

இப்போது மறுபடி கடலில் இருக்கிறார். மார்க் போடுவதையெல்லாம் விட்டாயிற்று. அவர் மெயில் வந்தால் முதலில் பதில் போட்டுவிடுகிறேன், அப்புறம்தான் படிக்கிறேன். என் மகள் இதை வீட்டுக்கு வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். போன வாரம் அவர் கேட்டிருந்தது, கரண்ட் பில் கட்டியாச்சா என்று. நான் அனுப்பியிருந்த பதில், ‘வாங்க.’