ஏழு நாள் இலவசம்

பீடோங் வட்டார ஒருமித்த உள்ளங்கள் நற்பணி மன்றத்தின் சட்டவிதியில், மன்றத்துக்குப் பதினொரு நோக்கங்கள் என்று எழுதியிருக்கிறது. கல்வி, பண்பாடு, இரத்த தானம் என்று வரிசையாகப் போகும். நடைமுறையில் மன்றம் தவறாமல் நிறைவேற்றி வந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது போஸ்டர் போடுவது. தீபாவளிக்கு, தைப்பூசத்துக்கு, ஆசிரியர் தினத்துக்கு, யாராவது மோட்டார் லைசன்ஸ் எடுத்தால் அதற்கு என்று நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று போஸ்டர் மன்றத்தின் புலனக் குழுவில் வந்து விழும். புலனம் என்றால் வாட்ஸ்அப்தான். மன்றம் எதையும் அதன் சொந்தப் பெயரில் அழைப்பதில்லை. எல்லாப் போஸ்டரிலும் வலது மூலையில் தலைவர் தேவன் கோட்டு சூட்டோடு கைகூப்பி நிற்பார். சுங்கைப்பட்டாணியில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம். பின்னால் இருந்த ஐஸ்கிரீம் வண்டியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

குழுவில் எழுநூறு பேர். போஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் ஒருவராவது படித்ததாகத் தகவல் இல்லை. படத்தைப் பார்ப்பார்கள், கைகூப்பும் பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தலைவரின் ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள் போஸ்டருக்கே நான்கு பேர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார்கள். தலைவர் அதற்கும் நன்றி தெரிவித்துக்கொண்டார்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த பொதுவாழ்க்கையில், முன்னாள் துணைத் தலைவர் ராமையா காலமானார். செயலாளர் பரஞ்சோதி உடனே இரங்கல் போஸ்டர் தயாரித்தார். அவர் பயன்படுத்திய செயலியில் காசு கட்டாதவர்களுக்குத் தமிழில் ஒரே ஒரு வடிவம்தான் உண்டு. ஒரு குத்துவிளக்கு, சுற்றிலும் வெள்ளைப் பூ, நடுவில் படம் வைக்க ஒரு வட்டம். துக்கத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காசு கட்டாத குற்றத்துக்காகப் படத்தின் மேல்பாதியில் செயலி தன் முத்திரையைக் குத்திவிடும். ராமையாவின் நெற்றியில், திருநீறு பூசியிருந்த இடத்தில், 'ஃப்ரீ வெர்ஷன்' என்று விழுந்தது.

"எங்கப்பா என்ன ஃப்ரீயாவா செத்தாரு?" என்று ராமையாவின் மகன் தலைவரை போனில் கேட்டான்.

நியாயமான கேள்வி. செயற்குழு அவசரமாகக் கூடியது. செயற்குழுவில் பன்னிரண்டு பேர். அதில் பிரேமாவதி மகளிர் பிரிவுத் துணைச் செயலாளர். அந்தப் பதவிக்குரிய பொறுப்பு, கூட்டத்துக்குத் தேநீர் போடுவது. மற்ற நாட்களில் அவள் தோசை மாவு விற்கிறாள். வெள்ளிக்கிழமை பகலில் போனில் ஆர்டர் வரும், சாயங்காலம் அரைப்பாள், சனிக்கிழமை காலையில் மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுப்பாள். கணவன் போன பிறகு அந்த மாவுதான் அவள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது.

"மன்றத்துக் காச இதுக்கெல்லாம் தொடக் கூடாது," என்றார் தலைவர். "ஆனா பிரீமியம் எடுத்தா மொத ஏழு நாள் இலவசம்னு அதுலயே போட்டிருக்கான்லா."

"ஏழு நாள் முடிஞ்சா?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"அடுத்தவங்க போன்ல ஏழு நாள். நாம பன்னெண்டு பேரு. எண்பத்து நாலு நாள் இலவசம்."

மன்றம் இதுவரை கேட்ட யோசனைகளிலேயே இதுதான் எல்லாருக்கும் உடனே புரிந்தது. ஏனென்றால் அங்கிருந்த அத்தனை பேரும் கூட்டுக் காசு போடுகிறவர்கள். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, சீட்டு குலுக்கி, பேர் வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போவார். அடுத்த மாதம் அடுத்தவர். அதே முறையில் மைலோ டின்னில் பன்னிரண்டு சீட்டு போட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு பிரேமாவதிக்கு விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டில் முதல் சீட்டு எடுத்தவர் கடைசி வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஏழு நாளும் அவள் போனில் மயிலும் தங்க இழையுமாகப் போஸ்டர்கள் பிறந்தன. எட்டாம் நாள் முறை அடுத்தவருக்குப் போனது. தன் வேலை முடிந்தது என்று அவளும் செயலியை அழித்துவிட்டாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் போனுக்குப் பத்து ரிங்கிட் டாப் அப் போட்டாள். பத்து நிமிடத்தில் பார்த்தால் பத்து சென் இருந்தது. நெட் இல்லை, ஆர்டர் இல்லை. வழக்கம்போல இருபது பாக்கெட் அரைத்து வைத்துக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மன்றத்து வைஃபையில் போய் நின்றபோது, வெள்ளிக்கிழமை வந்த செய்திகள் எல்லாம் ஒன்றாகக் கொட்டின. 'அக்கா, மாவு இருக்கா?' என்று பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் இரண்டு வீட்டு வரிசை தள்ளியிருக்கும் வாசுகியிடம் மாவு வாங்கித் தோசை சுட்டுத் தின்று ஜீரணமும் ஆகிவிட்டிருந்தது.

அடுத்த வெள்ளியும் அதே கதை. அதற்கடுத்ததும் அப்படியே. நான்காவது வெள்ளிக்கிழமை பிரேமாவதி டாப் அப் போடவில்லை. போனை எடுத்துக்கொண்டு பீடோங் பாசாருக்குப் பக்கத்தில் இருக்கும் தாரிக்கின் போன் கடைக்கு நேராகப் போனாள்.

"தம்பி, என் போனுக்குள்ள எவனோ உக்காந்து காசு திங்கிறான். யாருன்னு பாத்துச் சொல்லு."

தாரிக் போனை வாங்கி, கடை வைஃபையைப் போட்டுவிட்டு, அவளுக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடித்தான். "ஆப் எல்லாம் வாங்குற கடை இருக்குல்ல, அதத் தெறங்க. மேல உங்க படம் இருக்கு, அதத் தட்டுங்க. காசு கட்டுற எடம் ஒண்ணு வரும். அதுக்குள்ள சந்தான்னு இருக்கு பாருங்க."

பார்த்தாள். பிரீமியம், வாரம் ஒன்பது ரிங்கிட் தொண்ணூறு சென். அவள் முறை முடிந்த நாளிலிருந்து வாராவாரம்.

"அதான் ஆப்ப அழிச்சிட்டேனே தம்பி."

"ஆப்ப அழிச்சா சந்தா போகாதுக்கா. வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போனா லைட்டு பில்லு நின்னுருமா? கீழ 'ரத்து'ன்னு இருக்கு, அமுக்குங்க, சுடா ஹாபிஸ், அதோட முடிஞ்சிரும்."

பிரேமாவதி அமுக்கினாள். சந்தா ரத்தாகவில்லை. அதற்குப் பதிலாக, 'ஏன் விலகுகிறீர்கள்?' என்று போன் கேட்டது. கீழே ஆறு காரணம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

இந்த இடத்தில்தான் அவளுடைய ஒன்பது வருடப் பொதுவாழ்க்கை குறுக்கே வந்தது. மன்றத்தின் பேரில் எடுத்ததற்குத் தான் மட்டும் எப்படிப் பதில் சொல்வது என்று தயங்கினாள். தாரிக் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பரஞ்சோதிக்கு போன் போட்டாள்.

"நல்ல வேள கேட்டீங்க," என்றார் பரஞ்சோதி. மாவட்ட அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கோப்பு கட்டியவர் அவர். "நீங்க பாட்டுக்கு ஒண்ணத் தட்டிட்டா அது மன்றத்தோட நிலைப்பாடா ஆயிரும். தீர்மானம் போட்டு எடுத்தத தீர்மானம் போட்டுத்தான் விடணும்."

"சரிண்ணே. எப்பப் போடுவீங்க?"

"கூட்டம் கூட்டணும். கூட்டத்துக்கு அறிவிப்பு குடுக்கணும். அறிவிப்ப போஸ்டராத்தான் குடுக்கணும்னு போன மாசமே தீர்மானம் ஆயிருச்சு."

"அப்ப போஸ்டர் போடுங்க."

"எங்கம்மா போடுறது? இப்ப சுகுமாரன் மொற. அவரு கோத்தா கோலா மூடாவுக்கு மீன் வாங்கப் போயி போன ஆத்துல விட்டுட்டாரு. ஃப்ரீல போட்டா மறுபடியும் நெத்தியில முத்திர விழும். உங்க போன்லதான் பிரீமியம் இன்னும் ஓடுதுன்னு சொல்றீங்களே."

ஆகவே பிரீமியத்தை ரத்து செய்வதற்கான கூட்டத்துக்கு அறிவிப்பு போடுவதற்காக, பிரேமாவதி தாரிக்கின் கடையிலேயே செயலியை மறுபடி இறக்கி, பத்து ரிங்கிட் டாப் அப் போட்டுப் பிரீமியத்தைப் புதுப்பித்தாள். செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டது. தாரிக் அவளுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். போஸ்டர் அழகாக வந்தது. குழுவில் அறுபத்திரண்டு பேர் கைகூப்பினார்கள். பதினொரு பேர் வாழ்த்து தெரிவித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம். தலைவர் வரவேற்புரை ஆற்றி முடித்ததும், முறை முடிந்தவர்களின் போன்களை வாங்கி, தாரிக் காட்டிக்கொடுத்த வழியிலேயே போய்ப் பார்த்தாள் பிரேமாவதி. மூன்று பேருக்கும் காசு போய்க்கொண்டிருந்தது. ஒருவர் அது தன் மனைவி நாடகம் பார்க்கும் செலவு என்று நினைத்து வீட்டில் இரண்டு வாரமாகப் பேசாமல் இருந்திருக்கிறார். சுகுமாரனின் இலவச நாட்கள் ஆற்றுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தன. தலைவருக்கு பில் மகள் கட்டுவதால் அவர் எதையும் உணரவில்லை. அவர் போனில் கூடுதலாக ராசிபலன் சந்தா ஒன்றும் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்று அகப்பட்டுக்கொள்வோம் என்று அந்த ராசிபலனுக்கே தெரியவில்லை.

ரத்து செய்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. பிறகு பரஞ்சோதி ஆறு காரணங்களையும் எழுந்து நின்று வாசித்தார்.

"'விலை அதிகம்'."

"அது வேணாம்," என்றார் தலைவர். "மன்றத்துக்கு வக்கில்லன்னு நெனப்பான்."

"'அதிகம் பயன்படுத்துவதில்லை'."

"பொய் சொல்லக் கூடாதுலா. தெனம் மூணு போடுறோம்."

"'வேறு நல்ல செயலி கிடைத்துவிட்டது'."

"நன்றி கெட்ட பேச்சு."

"'தொழில்நுட்பக் கோளாறு'."

"நம்ம தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அவமானம்." அந்தப் பிரிவின் தலைவரும் அவரேதான்.

"'பிற காரணம்'. இதுக்கு நாமளே எழுதணும்."

இது எல்லாருக்கும் பிடித்தது. மன்றத்தின் விலகல் காரணத்தைச் செந்தமிழில் வரைந்து மூன்று வாரத்துக்குள் சமர்ப்பிக்க நால்வர் கொண்ட துணைக்குழு அமைக்கலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஒரு கை மேலே போனது.

பிரேமாவதி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"நாலு வெள்ளிக்கெழம தலைவரே. எண்பது பாக்கெட்டு மாவு. புளிச்சதக் கொட்ட மனசில்லாம ஒரு மாசமா வீட்ல காலையிலயும் ராத்திரியும் தோசதான். இன்னும் மூணு வாரமா?"

ஆறாவது காரணத்தைப் பரஞ்சோதி இன்னும் வாசிக்கவில்லை. அது 'சொல்ல விரும்பவில்லை'. பிரேமாவதி தன் போனை எடுத்து அதைத் தட்டினாள். 'உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது' என்று வந்தது. தட்டில் இருந்த தேநீரில் ஆவி அடங்கியிருக்கவில்லை.

வழிமொழியப் போன கை கீழே இறங்கியது. பிறகு மேசைக்கு அடியில், நடவடிக்கைக் குறிப்பில் ஏறாத வகையில், ஒவ்வொரு போனாக அவள் கைக்கு வந்தது. கடைசியாக வந்தது தலைவருடையது. ராசிபலனை மட்டும் விட்டுவிடும்படி அவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

தீர்மானத்தை மீறியதற்காக பிரேமாவதிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், மன்றத்தைக் காப்பாற்றியதற்காக ஒரு பொன்னாடையும் வழங்குவது என்று அன்று முடிவானது. கடிதம் கையில் வந்தது. பொன்னாடை அடுத்த மாதம். பாராட்டு போஸ்டர் வியாழக்கிழமை என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பிரேமாவதி காலையில் பத்து ரிங்கிட் போட்டாள். பத்து ரிங்கிட் பத்து சென் அப்படியே இருந்தது. நெட் ஓடியது. மனசு நிறைந்து போய் ஆர்டருக்காகக் காத்திருந்தாள். பகல் பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. துக்க வீடு, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் கூடாரம் வாடகைக்கு விடும் காளிதாசன் இறங்கி வந்து, சட்டென்று நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்களா?"

"நானில்லாம வேற யாரு? லோரியோட எங்க வந்த?"

"இல்ல, கூடாரம் வாசல்ல போடணுமா, ரோட்டையும் சேத்துப் போடணுமான்னு கேக்க வந்தேன்."

அவன் போனை நீட்டினான். மன்றத்தின் பாராட்டு போஸ்டர். எல்லாச் சந்தாவும் ரத்தாகிவிட்டதால் பரஞ்சோதி இலவசத்திலேயே போட்டிருந்தார். குத்துவிளக்கு, சுற்றிலும் வெள்ளைப் பூ, நடுவில் பிரேமாவதி சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் 'ஃப்ரீ வெர்ஷன்'. கீழே 'சந்தா ஒழிப்பு வீராங்கனைக்குப் பாராட்டுகள்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அதற்கும் கீழே முந்நூற்று நாற்பது பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார்கள்.

அவள் உடனே குழுவில் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று தட்டினாள். 'அம்மா போனிலிருந்து பேசுவது மகளா? தைரியமாக இரு கண்ணு' என்று பதில் வந்தது. பிரேமாவதிக்கு மகள் கிடையாது.

"எழுதினா யாருக்கா படிக்கிறா?" என்றான் காளிதாசன். "போஸ்டரா போடுங்க. முத்திர இல்லாமப் போடுங்க." பிறகு, லோரி வந்த எண்ணெய்க் காசு வீணாகக் கூடாது என்று இரண்டு பாக்கெட் மாவு கேட்டான்.

பிரேமாவதி செயலியை மறுபடியும் திறந்தாள். 'இலவச நாட்களை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டீர்கள்' என்றது. இந்த முறை விவரமாக இன்னொரு பத்து ரிங்கிட் போட்டு, செயலிக்கு ஒரு பங்கு, நெட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டாள். சிவப்புச் சேலை, மயில், தங்க இழை, ஆவி பறக்கும் தோசை, நடுவில் உயிருள்ள முகம். போஸ்டர் போன கால் மணி நேரத்தில் ஆர்டர் வரத் தொடங்கியது. பன்னிரண்டு, இருபது, முப்பத்தொன்று. கடைசியாக வாசுகியிடமிருந்து ஒரு செய்தி.

'அக்கா, போஸ்டர் ரொம்ப அழகா இருக்குலா. எந்த ஆப்? நானும் என் மாவுக்குப் போடணும்.'

பிரேமாவதி செயலியின் பெயரை அனுப்பினாள். 'நல்ல ஆப்தான். ஏழு நாள் இலவசம்' என்று அடுத்த வரியும் போட்டாள். 'ஏழாம் நாள் மறக்காம நிறுத்திடு' என்று மூன்றாவது வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அந்த நான்கு வெள்ளிக்கிழமைகளும் பதினெட்டுப் பேரும் அவள் நினைவுக்கு வந்தார்கள். தட்டியதை எழுத்து எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டு, மாவு அரைக்கப் போனாள்.