சாப்பிடவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழ்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இவ்விடம் என் தொண்டைக்கு ஒரு சாண் கீழே உள்ள இடம் தவிர மற்றதெல்லாம் நலம். அவ்விடம் தாங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். நம்புவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். முப்பத்திரண்டு வருஷம் கிடங்குக் கண்காணிப்பாளராக இருந்தவன். எண்ணிப் பார்க்காமல் ஒரு ஆணிக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவனை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, இரைப்பையின் வாசலில் காந்த மணிகள் கோத்த வளையம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். புளித்த நீர் மேலே ஏறாமல் தடுக்குமாம். தடுக்கிறது, பொய் சொல்லக்கூடாது. பத்து வருஷ நெஞ்செரிச்சல் போய்விட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் எண்ணினேன், பதினான்கு மணி. கையில் கொடுத்த அட்டையில் பதினைந்து! டாக்டரைக் கேட்டால், "ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சிருக்கு சார்" என்கிறார். கிடங்கில் இதே பதிலைச் சொன்ன இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவன் நான். கவளம் விழுங்கினால் உள்ளே யாரோ நிறுத்தி விசாரித்து அனுப்புவதுபோல் நின்று நின்று இறங்குகிறது. "போகப் போகச் சரியாயிடும், சில பேருக்குத்தான் திரும்ப எடுக்க வேண்டி வரும்" என்கிறார். அந்தச் சில பேர் யார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். வளையம் இறுகாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது மென்று விழுங்கவும் வேண்டுமாம். ஆகவே சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட்.

இதெல்லாம் போகட்டும், ஏப்பம் நின்றுவிட்டது மாப்பிள்ளை! வயிறு உப்புகிறது, வாசல் திறப்பேனா என்கிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு எழுந்து ஓர் ஏப்பம் விட்டால்தான் உங்கள் அக்கா தனக்குத் தட்டு வைத்துக்கொள்வாள். இப்போது காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, துவைக்கும்போது பையில் பிஸ்கட் தூளையும் கண்டுபிடித்துவிட்டு, "எங்க சாப்பிட்டுட்டு வர்றீங்க? தங்கச்சி வீட்லயா? அங்க வர்ற ஏப்பம் இங்க ஏன் வரமாட்டேங்குது?" என்கிறாள். காந்தம் என்றேன். "இழுக்கறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் வளையத்தைக் கழற்றாவிட்டால் மகள் வீட்டுக்குப் போய்விடுவாளாம். கழற்றினால் எரிச்சல் வரும், கழற்றாவிட்டால் இவள் போவாள். பத்து நாளாகப் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாக நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே, தலைமையாசிரியராகிய தாங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு தங்கள் வீட்டில் நான் ஒரு கவளமும் உண்டதில்லை என்று பள்ளி முத்திரையுடன் ஒரு சான்றிதழ் தர வேண்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லாரும் நன்றாக மென்று தின்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: சான்றிதழில் போன செவ்வாயையும் வியாழனையும் மட்டும் தொடாமல் எழுதவும். அன்று தங்கள் வீட்டில் உண்டது வெறும் சோதனை. அங்கும் ஏப்பம் வராததால் இவள் சமையலில் குற்றமில்லை என்று நிரூபணமாகிவிட்டது. உருளைக்கிழங்கு வறுவலை மறுபடி கேட்டு வாங்கியதும் சோதனையில் அடக்கம். இதை ஒட்டித் தபாலில் போட இவளிடமே கொடுக்கிறேன். பிறர் கடிதத்தைப் படிக்கமாட்டாள்; அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டினதைப் பிரிச்சுப் படிச்சுட்டேன். சான்றிதழ் வேண்டாம். வளையம் உள்ளயே இருக்கட்டும். இனிமே சாப்பிட்டு முடிச்சதும் ஏப்பத்துக்குப் பதிலா மேஜையை ரெண்டு தட்டு தட்டச் சொல்லிட்டேன் இவரை. வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குப் போகலை, உங்க வீட்டுக்குத்தான் வர்றேன். வறுவல் கொஞ்சம் கூடவே செய்யச் சொல்லுங்க. பத்து நாள் பசி.